ஹக் கிழித்த கடிதம்

கேள்வி: மகளின் கல்லூரிப் பாடம் என்பதால் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’ நாவலை நானும் படித்தேன். பொய்யும் களவுமாகத் திரியும் ஒரு சிறுவனின் கதையை அறம் பேசும் நாவல் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

– வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: நாவல் அமெரிக்காவில் வெளியான 1885-ஆம் ஆண்டிலேயே கான்கார்ட் நகர நூலகத்தாருக்கு இதே ஐயம் எழுந்து, அதைத் தங்கள் நூலகத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். ஹக்கின் பொய்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அவனைச் சுற்றியுள்ள ‘நல்லவர்களை’ உற்றுப் பார்ப்பதே பயன்தரும் என்பது என் எண்ணம். ஹக்குக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கும் மிஸ் வாட்சன், விற்கமாட்டேன் என்று சொல்லியிருந்த தம் அடிமை ஜிம்முக்கு 800 டாலர் விலை வந்ததும் மனம் மாறத் தொடங்குகிறார். கிரேஞ்சர்ஃபோர்டு குடும்பத்தார் துப்பாக்கிகளை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு சகோதர அன்பைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு, வழியெல்லாம் அதை மெச்சியபடி வீடு திரும்புகிறார்கள். மறுநாளே பகைக் குடும்பத்தோடு சுட்டுக்கொண்டு சாகிறார்கள்.

நாவலின் உயிர் 31-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தப்பியோடிய ஜிம் எங்கே இருக்கிறான் என்று மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதி முடித்ததும், பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல ஹக்கின் மனம் லேசாகிறது. ஆனால், இருவரும் ஆற்றில் சேர்ந்து பயணம் செய்த தெப்பத்தில் தன் காவல்முறை முடிந்த பிறகும் அவனை எழுப்பாமல், அவன் முறைக்கும் சேர்த்து ஜிம் விழித்திருந்த இரவுகள் நினைவுக்கு வர, நரகத்துக்கே போனாலும் போகிறேன் என்று கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான். அடிமை முறை தவறென்று கண்டுகொண்டதால் அவன் கிழிக்கவில்லை. தானே கெட்டவன் என்று நம்பிக்கொண்டுதான் கிழிக்கிறான். அடிமை முறை சட்டபூர்வமாக இருந்த மிசௌரியில் வளர்ந்தவனுக்கு, மனசாட்சியும் அந்த ஊர் வளர்த்த மனசாட்சியாகவே இருக்கிறது. நல்ல இதயத்துக்கும் கோணலான மனசாட்சிக்கும் நடக்கும் மோதல் என்றே ட்வைனும் 1895-இல் இதைக் குறித்துவைத்தார்.

இதற்குப் பின் ஹக் திருந்திவிட்டான் என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்த அத்தியாயத்திலேயே, நீராவிப் படகில் நடந்ததாக அவன் புனைந்து சொல்லும் விபத்தில் யாருக்காவது அடிபட்டதா என்று அவன் நண்பன் டாம் சாயரின் அத்தை சாலி பதற, இல்லை, ஒரு கறுப்பர்தான் செத்தார் என்று கூசாமல் சொல்கிறான்; அன்பான அந்த அம்மாளும் நல்லவேளை என்று ஆறுதலடைகிறார். அந்த டாம் ஜிம்மை வைத்து விளையாடும் கடைசி அத்தியாயங்கள் எனக்கு அலுப்பூட்டுபவை. ஆயினும், குண்டடிபட்ட டாமுக்கு மருத்துவர் வராமல் நகரமாட்டேன் என்று ஜிம் தன் விடுதலையையே பணயம் வைக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். அப்போது ஜிம்மைப் பற்றி ஹக்கால் சொல்ல முடிந்த ஆகப்பெரிய பாராட்டு, அவன் உள்ளுக்குள் வெள்ளைக்காரன் என்பதுதான்.