பொறியாளர் கண்டுபிடிப்பாளர் இல்லையா?

கேள்வி: காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர். கார்ல் போஷ் அதற்கு ஆலை கட்டியவர்தானே? அவருக்கும் நோபல் பரிசு கொடுத்தது மிகையல்லவா? வேதிப் பொறியியல் படிக்க விரும்பும் என் மகனிடமும், “கண்டுபிடிப்பது விஞ்ஞானியின் வேலை, ஆலையை ஓட்டுவது பொறியாளரின் வேலை” என்றே சொல்லிவருகிறேன். (வாசகர், மன்னார்குடி)

பதில்: மகனிடம் அப்படிச் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

1909 ஜூலையில் ஹேபர் தம் ஆய்வுக்கூடத்தில் இயக்கிக் காட்டியது நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் அழுத்தத்தில் இணைக்கும், மேசைமேல் வைக்கத்தக்க ஒரு சிறு கருவி. அதிலிருந்து அம்மோனியா சொட்டுச் சொட்டாக இறங்கியது. அது மகத்தான சாதனை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதைப் பெரிய அளவில் செய்யும் பொறுப்பு, ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் 1899 முதல் பணியாற்றிய போஷிடம் வந்தபோது, அதற்கான பாத்திரமே உலகில் இல்லை. உருக்குக் குழாய்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்தன. வேதியியலுக்கு முன்பே உலோகவியலும் இயந்திரவியலும் படித்திருந்த போஷ், வெடித்த குழாயின் உலோகத்தையே ஆராய்ந்து, கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஹைட்ரஜன் உருக்குக்குள் ஊடுருவி, அதற்கு வலிமை தரும் கார்பனைப் பறித்துவிடுகிறது என்று கண்டார். கார்பன் மிகக் குறைந்த தேனிரும்பை ஹைட்ரஜன் அப்படிக் கெடுக்காது. ஆனால் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தைத் தாங்க அதற்கு வலுவில்லை. ஒரே உலோகம் இரண்டையும் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தையே போஷ் கைவிட்டார். உள்ளே தேனிரும்பு உறை. வெளியே அழுத்தத்தைத் தாங்கும் உருக்குச் சுவர். உறையைக் கடந்து கசியும் ஹைட்ரஜன் உருக்கைக் கெடுக்காமல் வெளியேற, அந்தச் சுவரில் சிறு துளைகள். அழுத்தம் தாங்க வேண்டிய சுவரில் துளையிடத் துணிந்த இந்த யோசனை கண்டுபிடிப்பு இல்லையென்றால், கண்டுபிடிப்பு என்று வேறு எதைச் சொல்வது?

வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியாக ஹேபர் பயன்படுத்திய அரிதான ஆஸ்மியம் உலோகத்துக்கு மாற்றாக மலிவான இரும்பு வினையூக்கியை, ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின் மிட்டாஷ் என்னும் சக வேதியியலாளர் உருவாக்கித் தந்தார். 1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஒப்பாவ் என்ற ஊரில் அந்நிறுவனத்தின் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது. அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்து யூரியா செய்யும் முறை, 1922-இல் போஷ், மைசர் இருவர் பெயரிலும் காப்புரிமை பெற்றது. சம்பா தூர் கட்டும்போது நீங்கள் மேலுரமாக விசிறும் 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 20.7 கிலோ. அது வந்த வழி இதுதான்.

போஷின் இந்தப் பணியின் இருண்ட பக்கத்தை மறைப்பதும் சரியாகாது. முதல் உலகப் போரில் இதே அம்மோனியா வெடிமருந்தாயிற்று. 1921 செப்டம்பர் 21 அன்று ஒப்பாவ் ஆலையின் உரக்கிடங்கு வெடித்து 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; இறுகிப்போன உரத்தைச் சிறு வெடி வைத்து உடைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. பெரிய அளவில் செய்கிறவனுக்குப் பொறுப்பும் பெரியது என்பதை உங்கள் மகன் படிக்கும்போதே அறிந்திருக்க வேண்டும்.

பரிசைப் பற்றி: அம்மோனியாத் தொகுப்புக்காக ஹேபருக்கு 1918-க்கான நோபல் பரிசு கிடைத்தது. 1931-இல் போஷும் மற்றொரு ஜெர்மன் வேதியியலாளரான பெர்கியஸும் பெற்றது உயர் அழுத்த வேதியியல் முறைகளை உருவாக்கியதற்காக. ஒரே வேலைக்கு இரண்டு முறை கொடுக்கவில்லை; ஆகவே மிகையும் இல்லை.

டெல்டாவில் வேதிப் பொறியாளருக்கு என்ன வேலை என்ற தயக்கமும் உங்கள் கேள்விக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குறுவை அறுவடை மழையில் சிக்கும் ஆண்டுகளில், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பிவிட, சாலையோரம் கொட்டிக் காயவைத்துக் காத்திருக்கும் விவசாயிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தானியத்துக்குள் இருக்கும் நீரை, அரிசி வெடிக்காமல், குறைந்த செலவில் வெளியேற்றுவது முழுக்க முழுக்க வேதிப் பொறியியல் கணக்கு. 1967-இல் திருவாரூரின் நவீன அரிசி ஆலையில் ஆய்வுக்கூடமாகத் தொடங்கிப் பின்னர் தஞ்சாவூருக்கு வந்த நெல் பதன ஆய்வு மையம் பிறந்ததே இந்த ஈர நெல்லால்தான். சிறு விவசாயி தன் களத்திலேயே வைத்துக்கொள்ளும் விலையில் ஓர் உலர்த்தி நம் ஊர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மகனுக்கு அந்த வேலையைக் காட்டுங்கள்.