மல்லாட்டையில் (நிலக்கடலையில்) ஊடுபயிர்: உளுந்தா, துவரையா?

கேள்வி: செங்கம் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி செம்மண் நிலம். போன ஆடியில் மல்லாட்டையோடு உளுந்தைக் கலந்து தூவினேன். உளுந்து பழுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பறிக்கப் போன ஆட்கள் மல்லாட்டைச் செடியை மிதித்ததுதான் மிச்சம். இந்த வருஷம் துவரை போடச் சொல்கிறார் அப்பா. துவரை நிழல் கட்டிவிடும் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அப்பா சொல்வதைக் கேளுங்கள். பக்கத்து நிலத்துக்காரரின் பயமும் பொய்யில்லை. ஆனால் அது ரகத்தையும் சால் இடைவெளியையும் பொறுத்தது.

உளுந்து 65–70 நாளில் பழுத்துவிடும். மல்லாட்டையில் விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கிக் காய் பிடிப்பதும் அதே சமயம்தான். ஈரம் வேண்டும் என்று இரண்டும் ஒரே வாரத்தில் அடித்துக்கொள்ளும், ஆளும் அப்போதுதான் உள்ளே இறங்குவார். தூவி விதைத்ததால் நடக்கச் சால்கூட இல்லை. பயறு போட்டால் தழைச்சத்து கிடைக்கும் என்று பலர் உளுந்தைச் சேர்க்கிறார்கள். மல்லாட்டையும் பயறு இனம்தான். சந்தையில்தான் அது எண்ணெய் வித்து. தன் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் பயிருக்கு இன்னொரு பயறு பெரிதாக எதையும் கொடுத்துவிடாது.

துவரையால் வரும் லாபம் வேறு. முதல் இரண்டு மாதம் அது குச்சி மாதிரி நிற்கும். அதன் வேர் மல்லாட்டை வேருக்குக் கீழே போய்விடும். மல்லாட்டை 105 நாளில் பிடுங்கியானதும் நிலமும் வெளிச்சமும் வடகிழக்குப் பருவமழையும் துவரைக்கே. அதனால் 170–180 நாள் ரகமாக, கோ 8 போல, எடுங்கள். 120 நாள் ரகம் வேண்டாம். மல்லாட்டை காய் முற்றும்போதே அது படர்ந்து பூத்துவிடும், நிழல் கட்டுவதும் அப்போதுதான்.

ஏர் பின்னால் விதை போடும்போது ஆறு சால் மல்லாட்டை, ஏழாவது சால் துவரை. சாலுக்குச் சால் ஒரு அடி. துவரைச் சாலில் அடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை, முளைத்ததும் ஒன்றைக் கலைத்துவிடுங்கள். ஏக்கருக்கு ஒன்றரைக் கிலோ துவரை விதை தாராளம். டிராக்டர் விட்டுப் பறிப்பதாக இருந்தால் எட்டுச் சாலுக்கு ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் துவரை மேல் ஏறும். ஏழில் ஒரு சால் மல்லாட்டை குறையும் என்பது உண்மைதான். மழை பொய்க்கும் வருஷத்தில் அந்த ஒரு சால்தான் வீட்டுப் பருப்புக்கு ஆகும்.

45-ஆம் நாள் இரண்டாம் களையோடு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணையுங்கள், மண்ணில் ஈரம் இருக்கிற நாளாகப் பார்த்து. அதற்குப் பிறகு அந்த மண்ணில் கொத்து படவே கூடாது. விழுது அறுந்தால் காய் இல்லை.

உங்கள் பக்கத்தில் சிவப்புக் கம்பளிப்பூச்சி வரும். வரப்போரம் காராமணி போட்டு வையுங்கள். அந்துப்பூச்சி அதில் விரும்பி முட்டையிடும். முட்டைக் குவியலையும், சல்லடையாக அரித்த இலையில் கூட்டமாக இருக்கும் குட்டிப் புழுக்களையும் இலையோடு கிள்ளி அழியுங்கள். முடி முளைத்துப் புழு ஊர ஆரம்பித்துவிட்டால் மருந்தடித்தும் பெரிய பலன் இருக்காது.

மல்லாட்டை பிடுங்கியானதும் பலர் துவரையை மறந்துவிடுகிறார்கள். பூக்கும் நேரத்தில் ஏக்கருக்கு 2 கிலோ பயறு ஒண்டர் (சத்தும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த தூள்) கரைத்துத் தெளித்தால் பூ உதிர்வது குறையும். காய்ப்புழுவுக்கு ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி, பறவை உட்கார இருபது குச்சி.

மழை தள்ளிப்போய் ஆவணிக் கடைசியில்தான் விதைக்க முடிகிறது என்றால் ஒரு மாற்றம். துவரை பகல் பொழுது குறையக் குறையப் பூக்கும் பயிர், தாமதமானால் இடுப்பளவிலேயே பூத்துவிடும். அப்போது குழிக்குக் குழி அரை அடியாக நெருக்கிப் போடுங்கள், விதையை இரட்டிப்பாக எடுத்து வையுங்கள்.