பத்து வியாழக்கிழமைகள், இரவு 8 மணி

அன்புத் தங்கச்சி,

என்னைவிடச் சின்னவள் என்று நீயே சொல்லிவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். நர்ஸாக இங்கிலாந்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, எதிரில் பார்த்தால் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள் என்கிறாய். ஆனால் உன் வார்டில் ஒரு பாட்டி, "கொரோனா நேரத்தில் உங்களுக்காக வாராவாரம் வாசலில் நின்று கை தட்டினோமே" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். அது நிஜமாகவே நடந்ததா, மனதிலிருந்துதான் தட்டினார்களா, அப்படியானால் இப்போது ஏன் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேட்கிறாய்.

நடந்தது. நான் என் வாசலில் நின்று பார்த்தேன். கேட்டேன் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வாரம் ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை.

2020 மார்ச் 23, திங்கள் இரவு, எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று பிரதமர் டிவியில் அறிவித்தார். அந்த வியாழன், 26ஆம் தேதி இரவு 8 மணிக்கு முதல் கைத்தட்டல். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதற்கு முன்பே மாடியில் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் குடியிருந்த ஆனமேரி பிளாஸ் என்ற நெதர்லாந்துப் பெண், தன் சொந்த நாட்டில் நடப்பதைப் பார்த்து, இங்கேயும் ஒரு நாள் செய்யலாமே என்று எழுதினார். பிறகுதான் அது வாராவாரம் என்று ஆனது. தொடங்கி வைத்தவரும் நம்மைப்போல வெளியூரிலிருந்து வந்தவர் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

எனக்கு அன்று ஓய்வு நாள். நாங்கள் இருப்பது தெற்கு லண்டனில் க்ராய்டனில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் உள்ள தெரு. அங்கே குடிவந்து 11 வருடம் ஆகியிருந்தது. எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. 37ஆம் நம்பர், 40ஆம் நம்பர் என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வோம். என் கணவர் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். யாருமே வெளியே வராவிட்டால் பையன் ஏமாந்துபோவானே என்று பயம். 9 வயது, ஜன்னலில் ஒட்ட வானவில் வரைந்து வைத்திருந்தான். அந்த நாட்களில் எந்தத் தெருவில் போனாலும் ஜன்னலுக்கு ஜன்னல் வானவில்தான்.

சத்தம் முதலில் எங்கள் தெருவில் எழவில்லை. தூரத்திலிருந்து வந்தது. மழை ஒரு பக்கமிருந்து ஓட்டு வீடுகள் மேல் நடந்து நடந்து நெருங்கி வருமே, நாகர்கோவிலில் ஆனி ஆடியில் கேட்டிருப்பாய், அப்படி வந்தது. அடுத்த தெரு, எங்கள் தெரு முனை, எதிர் வரிசை. பிறகு எல்லா வாசலும். ஒரே இருட்டு, வாசல் விளக்குக்குக் கீழே சில கைகள் மட்டும் தெரிந்தன. யாரோ சட்டியைத் தட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். நான் அழுதேன். அந்த வாரம் வார்டில் பார்த்ததையெல்லாம் வீட்டில் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அழுதேன்.

மார்ச் 29 ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் அடுத்த வியாழன் 8 மணிக்கு லேசான வெளிச்சம் இருந்தது. வாரம் ஆக ஆக வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. ஏப்ரல் கடைசியில் நேரம் 8 ஆகியும் சூரியன் முழுதாக மறைந்திருக்காது. மே மாதம் நல்ல வெயில். முதல் வாரம் கைகளாக மட்டும் இருந்தவர்களுக்கு இப்படித்தான் ஒவ்வொரு வாரமும் முகம் வந்தது. 37ஆம் நம்பரில் இருந்தவர் மனைவியை இழந்த முதியவர், வாராவாரம் அதே கரண்டியால் அதே பித்தளைப் பாத்திரத்தைத் தட்டுவார். 40இல் ஜமைக்காக் குடும்பம், வீட்டுக்காரர் லண்டன் பஸ் டிரைவர். இதையெல்லாம் 11 வருடமாகத் தெரியாதவள், ஏழெட்டு வியாழனில் தெரிந்துகொண்டேன்.

எல்லா வியாழனும் நான் வீட்டில் இல்லை. லாங் டே டூட்டி என்றால் காலை 7.30க்குப் போய் இரவு 8க்குத்தான் முடியும், அடுத்த ஷிஃப்ட்டுக்கு நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரமும் கைத்தட்டல் நேரமும் ஒன்று. அப்படி ஒரு நாள், தீயணைப்பு வண்டிகளும் போலீஸ் வண்டிகளும் எங்கள் மருத்துவமனை வாசலில் நீல விளக்கோடு வரிசையாக நின்றன, அவர்கள் எங்களைப் பார்த்துத் தட்டினார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்துத் தட்டினோம். மாஸ்க் அழுத்திய தழும்பு மூக்கில் இருந்தது. என் பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ், "நான் உள்ளே போகிறேன், என் நோயாளி தனியாக இருக்கிறார்" என்று பாதியிலேயே போய்விட்டார். அவர் போனதும் சரி, நான் நின்றதும் சரி.

ஐந்தாவதோ ஆறாவதோ வாரம் எங்கள் தெருவில் நடந்த ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். லண்டனில் பஸ் டிரைவர்கள் பலர் கொரோனாவில் இறந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் 20 முதல் முன் கதவால் ஏறக்கூடாது, நடுக் கதவால்தான் ஏற வேண்டும் என்று மாற்றினார்கள், டிரைவருக்குப் பக்கத்தில் யாரும் வராமல் இருக்க. அந்த வாரம் 40ஆம் நம்பர்காரர் வேலை முடிந்து, சீருடையோடு தெருவில் நடந்து வருகிறார், சரியாக 8 மணி. 37ஆம் நம்பர் முதியவர் பாத்திரத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இது உங்களுக்கும்தான்" என்றார். தெரு முழுக்க அவர் பக்கம் திரும்பித் தட்டியது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போகாமல் அப்படியே நின்றார்.

தெரு முனையில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனும் அப்படித்தான். பாலும் முட்டையும் பெரிய கடைகளில் கிடைக்காத வாரங்களில், வெளியே வர முடியாத முதியவர்களுக்கு எடுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மே மாதம் ஒரு நாள் ரொட்டி வாங்கப் போனேன். "எங்களுக்கும் கை தட்டினவை, அக்கா, கண்டனீங்களே?" என்றார். 20 வருடமாக அந்தத் தெருவுக்குப் பால் விற்றவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிப்போயிருந்தது.

நான் நல்லதை மட்டும் சொன்னால் உனக்குத் துரோகம் செய்ததாகிவிடும். அதே நாட்களில் பாதுகாப்பு கவுன் போதாமல் குப்பைப் பையை மாட்டிக்கொண்டு நின்ற நர்ஸ்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கொரோனாவால் இறந்ததாக முதலில் பெயர் வெளியான 10 மருத்துவர்களும் வெள்ளையர் அல்லாதவர்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு கேரளப் பெண்ணை, நோயைக் கொண்டு வந்துவிடுவாய், வேறு இடம் பார்த்துக்கொள் என்று வீட்டு உரிமையாளர் சொன்னார். அந்த மனிதரும் வியாழக்கிழமை தட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நம் ஊரிலும் மார்ச் 22 மாலை 5 மணிக்குத் தட்டையும் மணியையும் அடித்தார்கள், அம்மா போனிலேயே கேட்கவைத்தார். ஒரு மாதத்துக்குள், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்க விடாமல் சென்னையில் கல்லெறிந்தார்கள். நன்றியும் பயமும் ஒரே நெஞ்சில் இருந்த காலம் அது, இங்கேயும் அங்கேயும்.

எனக்கு மிகவும் தேவைப்பட்டது கைத்தட்டல்கூட இல்லை. ஏப்ரல் 28 காலை 11 மணிக்கு, இறந்துபோன பணியாளர்களுக்காக நாடே ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. வார்டில் இயந்திரங்களின் சத்தம் மட்டும். அந்த ஒரு நிமிடத்தில் யாரையெல்லாம் நினைத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

அப்புறம் பணம். இதைக் கேட்க நீ கூச்சப்பட வேண்டாம். அப்போதைய பிரதமர் ஜான்சன் தானே கொரோனாவில் ஐசியூவில் கிடந்து மீண்டு வந்து, தன் படுக்கை அருகே நின்ற இரண்டு நர்ஸ்களுக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். ஜெனி மெக்கீ நியூசிலாந்துக்காரர், லூயிஸ் பிடார்மா போர்ச்சுகல்காரர். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 400 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள், கணவனுக்கும் பிள்ளைக்கும் தனித்தனியாக. தாங்கள் வேலை செய்யும் மருத்துவமனைக்குத் தாங்களே காசு கட்டுவதுபோல. அதை 624 ஆக உயர்த்தப்போவதாகவும் அறிவித்திருந்தார்கள். மே 20 அன்று நாடாளுமன்றத்தில் அந்தக் கட்டணம் சரிதான் என்று வாதாடிய அரசு, மறுநாளே மருத்துவமனை, கேர் ஹோம் (முதியோர் பராமரிப்பு இல்லம்) ஊழியர்களுக்கு அது வேண்டாம் என்று பின்வாங்கியது. அந்த மறுநாள் ஒரு வியாழக்கிழமை. அன்று இரவு நாங்கள் தட்டியது வேறு மாதிரிச் சத்தம். நீ வந்த விசாவில் அந்தக் கட்டணம் இல்லாமல் இருந்ததே, அதற்கு அந்தக் கோடைதான் தொடக்கம்.

ஆனால் அடுத்த ஆண்டு மார்ச்சில் சம்பள உயர்வு என்று அரசு முன்வைத்தது 1 சதவீதம். பிறகு 3 ஆக்கினார்கள். அந்த ஜெனி மெக்கீயே மரியாதையும் இல்லை, சம்பளமும் இல்லை என்று சொல்லி வேலையை விட்டார். 2022 டிசம்பர் 15 அன்று எங்கள் நர்ஸ் சங்கம் தன் 106 வருட வரலாற்றில் இல்லாத அளவுக்குப் பெரிய வேலைநிறுத்தம் செய்தது. நானும் குளிரில் வாசலில் அட்டை பிடித்து நின்றேன். பயந்துகொண்டே போனேன், திட்டுவார்களோ என்று. போகிற வண்டியெல்லாம் ஹார்ன் அடித்தது. ஒரு சிவப்பு பஸ் நீளமாக அடித்துக்கொண்டே போனது. ஓட்டியது 40ஆம் நம்பர்காரர் இல்லை, ஆனால் நான் அவரைத்தான் நினைத்தேன். மனதிலிருந்து தட்டினார்களா என்று கேட்டாயே, எனக்கு அதற்கான பதில் அந்த ஹார்ன் சத்தத்தில் கிடைத்தது. தெருவில் நின்று தட்டியவர்கள் வேறு, சம்பளத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு. இரண்டாமவர் மேல் வந்த கோபத்தில் முதலாமவரைச் சந்தேகிக்காதே.

பத்தாவது வாரம், மே 28, அதோடு போதும் என்று ஆனமேரி பிளாஸே சொன்னார். அரசியலாகிவிட்டது என்ற வருத்தம் அவருக்கு. எனக்கும் அது சரியான நேரம் என்றே பட்டது. 2021 ஜனவரியில் மறுபடி தொடங்கப் பார்த்தார்கள், எங்கள் தெருவில் மூன்று வாசல்தான் திறந்தது. அப்போது எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை.

உன் பக்கத்து வீட்டாருக்கு வருகிறேன். அவர்கள் முகம் கொடுக்காதது உன்னைப் பிடிக்காமல் இல்லை, பெரும்பாலும் கூச்சம். அடுத்தவர் வாசலில் தொந்தரவாக நிற்கக்கூடாது என்றுதான் இவர்களை வளர்த்திருக்கிறார்கள். 8 மணி என்று ஒரு நேரமும், கையில் ஒரு சட்டியும் கொடுத்தபோது அந்தக் கூச்சம் பத்து வாரத்தில் போயிற்று. இப்போது அந்த நேரத்தை நீதான் உண்டாக்க வேண்டும். குப்பை எடுக்கும் நாளில் அவர்கள் தொட்டியையும் சேர்த்து உள்ளே இழுத்து வை. டிசம்பரில் ஒரு சின்ன வாழ்த்து அட்டை, உன் பெயர், வீட்டு எண், 'நர்ஸாக இருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கதவுத் துவாரத்தில் போடு. பண்டம் செய்து கொண்டுபோய்க் கொடுப்பது இரண்டாம் கட்டம், முதல் நாளே வேண்டாம், திணறிவிடுவார்கள். 37ஆம் நம்பர் முதியவர் இப்போது இல்லை, போன வருடம் காலமானார். கடைசி இரண்டு வருடம் அவர் வீட்டுச் சாவி ஒன்று எங்கள் வீட்டில் தொங்கியது.

நீ லண்டனுக்கு வரும்போது சொல், தேம்ஸ் கரையில் நாடாளுமன்றத்துக்கு எதிரே, மருத்துவமனைச் சுவரை ஒட்டி, கொரோனாவில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக வரைந்த சிவப்பு இதயங்கள் இருக்கும் நீளச் சுவருக்குக் கூட்டிப்போகிறேன். அதுவரை ஒரு வேலை. அந்தப் பாட்டி இன்னும் வார்டில் இருந்தால், அந்த வியாழக்கிழமைகளில் எந்தப் பாத்திரத்தைத் தட்டினார் என்று கேள். நான் கேட்ட யாரும் அதை மறக்கவில்லை. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.