சுவரில் இருக்கும் பெரியதை விடுங்கள், ஷூவுக்குள் பாருங்கள்

கேள்வி: திருச்சியிலிருந்து சிட்னிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. பென்டில் ஹில்லில் வாடகை வீடு. போன வாரம் மழை வருவதற்கு முந்தைய ராத்திரி, படுக்கையறைச் சுவரில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. கணவர் பூச்சி மருந்து ஸ்ப்ரே (மார்ட்டீன்) எடுத்து வருவதற்குள் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து மூன்று பேரும் ஹாலில்தான் படுக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி "அது நல்லது, விட்டுவிடுங்கள்" என்கிறார். மூன்று வயதுப் பையன் இருக்கிற வீட்டில் எப்படி விடுவது? இங்கே எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

பதில்: முதலில் படுக்கையறைக்குத் திரும்பிப் போங்கள். நீங்கள் பார்த்தது ஹன்ட்ஸ்மேன். தட்டையான உடம்பு, நண்டு மாதிரி பக்கவாட்டில் விரித்த கால்கள், வலை கிடையாது, சுவரில் சரசரவென்று ஓட்டம் என்றால் வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. காலோடு சேர்த்து அளந்தால் 15 செ.மீ. வரைகூட இருக்கும்.

இதை நீங்கள் முதன்முதலாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் பரணிலும் பழைய குளியலறையிலும் வெள்ளை வில்லை மாதிரி ஒரு முட்டைப் பையை வயிற்றுக்கடியில் பிடித்துக்கொண்டு ஓடுமே, பெரிய பழுப்பு நிற எட்டுக்கால் பூச்சி, அதுவும் இதே குடும்பம்தான். அங்கே துடைப்பத்தால் தள்ளிவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள். இங்கே "ஆஸ்திரேலியா" என்ற பெயர் சேர்ந்ததும் அதே பூச்சிக்கு இரண்டு மடங்கு உருவம் வந்துவிடுகிறது.

மழைக்கு முன் வந்தது தற்செயல் இல்லை. வெளியே மரப்பட்டைக்கு அடியில் வாழும் இந்தச் சிலந்தி, புழுக்கமான கோடை ராத்திரிகளிலும் மழை வரும் நேரத்திலும் வீட்டுக்குள் ஏறி வருவது வழக்கம். உடம்பு தட்டை என்பதால் கதவிடுக்கே போதும். உள்ளே வந்தால் கரப்பானையும் மற்றப் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். பாட்டி "நல்லது" என்றது அதனால்தான். நெருக்கிப் பிடித்தால் கடிக்கும். கடித்தால் வலிக்கும், கொஞ்சம் வீங்கும், பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் அதோடு சரி. முட்டைப் பையைக் காவல் காக்கும் தாய் மட்டும் கொஞ்சம் முறைப்பாக இருக்கும், அதன் பக்கம் கையை நீட்டாதீர்கள்.

மார்ட்டீன் அடிப்பது பற்றி: நானும் இங்கே வந்த முதல் கோடையில் பாதி டின்னைக் காலி செய்தேன். சாகாமல் பைத்தியம் பிடித்தது போல ஓடி, கூரையிலிருந்து என் தோளிலேயே விழுந்தது. குழந்தை படுக்கிற மெத்தைமேல் மருந்து படிந்ததுதான் மிச்சம். அதற்குப் பதில் காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்று எடுங்கள். இட்லி மாவு ஊற்றி வைக்கும் அந்த இரண்டு லிட்டர் டப்பாதான். சிலந்தி கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கும்வரை பொறுத்திருந்து, மெதுவாக மேலே கவிழ்த்துங்கள். கால் எதுவும் விளிம்பில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிடிபட்ட காலை உதறிவிட்டு ஓடக்கூடியது அது. பிறகு கெட்டியான அட்டையைச் சுவரோடு ஒட்டி உள்ளே நகர்த்தி, அட்டையோடு தூக்கிப் போய்த் தோட்டத்து மரத்தடியில் விடுங்கள். அலமாரிக்குப் பின்னால் போனது இப்போது எங்கே என்றால், அங்கேயே இருக்கலாம், வந்த வழியே வெளியே போயிருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். திரும்ப வராமலிருக்க கதவின் அடியிடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள், ஜன்னல் கொசுவலையில் கிழிசல் இருந்தால் அடையுங்கள், வாசல் விளக்கை ராத்திரி முழுக்க எரிய விடாதீர்கள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு இது வரும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்த ஊரில் சிலந்தியின் அளவைப் பார்த்துப் பயப்படுவது தலைகீழான கணக்கு. எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவரில் உயரத்தில் இருப்பவை பெரும்பாலும் சாது. கவனம் தேவைப்படுபவை கீழே, தரையோடு தரையாக, நாம் பார்க்காமல் கை கால் விடுகிற இடங்களில் இருக்கும்.

முதலாவது ரெட்பேக். பெண் சிலந்தியின் உடம்பு ஒரு பட்டாணி அளவுதான். கறுப்பு நிறம், முதுகில் சிவப்புக் கோடு. ஆண் இன்னும் குட்டி, அதனால் ஆபத்து இல்லை. மழை படாத உலர்ந்த மூலைகள் இதற்குப் பிடித்தம்: தபால்பெட்டி, தோட்டத்து நாற்காலியின் அடிப்பக்கம், வெளியே கிடக்கும் மூன்று சக்கர சைக்கிள், பூந்தொட்டியின் விளிம்புக்கு அடி. கறிவேப்பிலைத் தொட்டியை இடம் மாற்றும்போது நாம் விரலை எங்கே கொடுத்துத் தூக்குகிறோமோ, சரியாக அந்த இடம். வலை ஒழுங்கில்லாமல் சிக்குப் பிடித்த நூல் போல இருக்கும். அதைப் பார்த்தால் கை வைக்காதீர்கள். கையுறை இல்லாமல் தோட்ட வேலையும் வேண்டாம்.

ரெட்பேக் கடித்தால் முதலில் சின்னக் குத்தல்தான். நேரம் போகப் போக வலி ஏறும், வியர்க்கும், குமட்டும். பனிக்கட்டி ஒத்தடம் கொடுங்கள், கட்டுப் போடாதீர்கள், இறுக்கினால் வலிதான் கூடும். கடிபட்டது குழந்தை என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கு 1956 முதலே விஷமுறி மருந்து இருக்கிறது.

இரண்டாவது, எல்லாரும் பேசும் சிட்னி ஃபனல்வெப். இது நிஜமாகவே ஆபத்தானது. பளபளக்கும் கறுப்பு, தடித்த உடம்பு, சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நிற்கும். கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலும் ஆண் சிலந்திகள் பெண்ணைத் தேடி ராத்திரியில் அலையும், வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அவைதான். பெண்ணைவிட ஆணின் விஷம் கடுமை. ஆனால் இரண்டு ஆறுதல்கள் உண்டு. ஒன்று, ஈரமான காட்டுப்பாங்கான மேட்டு நிலம்தான் இதற்குப் பிடிக்கும். வடக்கு சிட்னியில் ஹார்ன்ஸ்பி பக்கம் உள்ள அளவுக்கு, உங்களைப் போல உலர்ந்த களிமண் சமவெளியில் இருப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. இரண்டு, வழுவழுப்பான பரப்பில் இதனால் ஏற முடியாது. பெயின்ட் அடித்த சுவரில் ஓடியது ஃபனல்வெப்போ என்று யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

இந்தச் சிலந்தியால் 13 மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. எல்லாமே 1981இல் விஷமுறி மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முன். ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் என்ற மருத்துவரின் குழு வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கிய மருந்து அது. அதன் பிறகு ஒருவர்கூட இறந்ததாகப் பதிவில்லை. இன்றைக்கும் அந்த மருந்துக்கான விஷத்தைச் சோமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்கில் உயிருள்ள சிலந்திகளிடமிருந்து கறக்கிறார்கள். பொதுமக்கள் பிடித்துக் கொடுப்பதையும் வாங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் அந்தச் சேவையில் இப்போதைக்கு இறங்க வேண்டாம்.

பெரிய கறுப்புச் சிலந்தி கடித்து, எது என்று தெரியாவிட்டால் ஃபனல்வெப் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முதலுதவி ரெட்பேக்குக்கு நேர் எதிர்: கடித்த இடத்திலிருந்து தொடங்கி கை அல்லது கால் முழுவதும் இலாஸ்டிக் கட்டுத்துணியை அழுத்தமாகச் சுற்றி, அசையாமலிருக்க ஒரு குச்சியோ பலகையோ வைத்துக் கட்டி, ஆளை அசையவிடாமல் அவசர உதவி எண் 000க்கு அழைக்க வேண்டும். அகலமான கட்டுத்துணி இரண்டு சுருள் வாங்கி வீட்டில் ஒன்றும் காரில் ஒன்றுமாக வையுங்கள். சுற்றிப் பழகியும் பாருங்கள். நீச்சல் குளத்தின் அடியில் செத்தது போலக் கிடக்கும் கறுப்புச் சிலந்தியைக் கையால் எடுக்கவே கூடாது. ஒரு நாள் தண்ணீரில் கிடந்தும் பிழைக்கக்கூடியது அது.

இப்போது நம் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம். செருப்பையும் ஷூவையும் வாசலிலேயே கழற்றி விடுவோம். சிலந்திக்கு அது இருட்டான ஆயத்த வீடு. ஒன்று, ஷூ ஸ்டாண்டை உள்ளே கொண்டுவாருங்கள். முடியாதென்றால் போடும் முன் ஒவ்வொரு ஷூவையும் கவிழ்த்துத் தரையில் தட்டுங்கள். மூன்று வயதுப் பையனுக்கு இதை ஒரு விளையாட்டாகவே பழக்கிவிடலாம். தரையில் கிடந்த துண்டு, துணிகளையும் அப்படியே உதறிவிட்டு எடுங்கள்.

வைட்டெயில் என்ற சிலந்தி பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள், கடித்தால் சதை அழுகும் என்று. ஊரில் தோலில் கொப்புளம் வந்தால் எட்டுக்கால் பூச்சியின் தலையில் போடுவோமே, அந்த வகைப் பேச்சுதான். வைட்டெயில்தான் கடித்தது என்று உறுதியான 130 பேரைத் தொடர்ந்து பார்த்து 2003இல் வெளிவந்த ஆய்வில், ஒருவருக்குக்கூட சதை அழுகிய புண் வரவில்லை. ஆறாத புண் இருந்தால் சிலந்தியைத் தேடாமல் டாக்டரிடம் போங்கள், காரணம் வேறாக இருக்கும்.

பூரான் இங்கேயும் உண்டு, கடித்தால் இங்கேயும் வலிக்கும், அதற்கும் ஒத்தடம்தான். தோட்டப் பாதையில் ராத்திரி முகத்தில் ஒட்டும் பெரிய வட்ட வலை ஆர்ப் வீவர் என்ற சிலந்தியுடையது. ஒரு குச்சியை முன்னால் ஆட்டிக்கொண்டே நடந்தால் போதும். எது கடித்ததென்று சந்தேகம் வந்தால் விஷத் தகவல் மையத்தை 13 11 26இல் எந்த நேரமும் கூப்பிடலாம். எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். ஹன்ட்ஸ்மேனுக்கு கார் ரொம்பப் பிடிக்கும், முக்கியமாக வெயில் மறைக்கும் அந்த மடக்குத் தட்டின் பின்பக்கம். கிளம்பும் முன் அதை ஒருமுறை மடக்கிப் பாருங்கள். ஓட்டும்போது மடியில் விழுந்தால் பிரேக்கில் ஏறி நிற்காமல், சிக்னல் போட்டு ஓரம் கட்டி, கதவைத் திறந்துவிட்டு இறங்குங்கள். அது கடித்து யாரும் சாவதில்லை. அதைப் பார்த்துப் பதறித் திருப்பிய ஸ்டீயரிங்கால் விபத்துகள் நடந்திருக்கின்றன.