பொலிசும் நீதிமன்றமும் மட்டும் போதுமா?

அன்புள்ள ஐயா,

நான் உரும்பிராயைச் சேர்ந்தவன், கணினி வேலை செய்கிறேன். அப்பா தோட்டக்காரர். 2021-இல் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு இரசாயன உரத்தை நிறுத்தியபோது அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் அரசு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்னும் லிபர்டேரியன் சிந்தனையாளர்களை வாசிக்கத் தொடங்கினேன். பொலிஸ், நீதிமன்றம், எல்லையைக் காக்கப் படை, இந்த மூன்றோடு அரசு நின்றால் போதும், மிச்சத்தை மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்று படுகிறது. யாழ்ப்பாணத்தவர் அரசைப் பார்த்துக்கொண்டிராமல்தானே பள்ளிக்கூடமும் வாசிகசாலையும் கட்டினார்கள்? நண்பர்களோ "இதெல்லாம் புத்தகத்துக்குத்தான் சரி" என்று சிரிக்கிறார்கள். இது நடைமுறைக்கு வருமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கமக்காரரைக் கேட்காமல், மாற்று உரத்தை ஆயத்தம் செய்யாமல் நாடு முழுவதற்கும் உத்தரவு போட்ட அரசு அந்த வருட நவம்பரிலேயே அதை மீளப் பெற்றது. அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. யார் கையிலும் அவ்வளவு அதிகாரம் இருக்கக் கூடாது என்று லிபர்டேரியன்கள் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

முழுக்க முழுக்க அந்தக் கொள்கைப்படி நடந்த நாடு என்று ஒன்றைக் காட்ட முடியாது. அவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டிய ஹொங்கொங்கில் வரி குறைவு, வியாபாரத்துக்குத் தடையும் குறைவு, சரி. அங்கே நிலம் அநேகமாக முழுவதும் அரசின் உடைமை, குத்தகைக்குத்தான் கிடைக்கும். சனத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் அரசு கட்டிய, அல்லது அரச உதவியோடு வாங்கிய வீடுகளில்தான் இருக்கிறார்கள். நம் ஊரையே எடுங்கள். 1970க்கும் 77க்கும் இடையில் மிளகாயும் வெங்காயமும் விற்றுத் தலைநிமிர்ந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! இறக்குமதியை அடைத்து வைத்ததால் கிடைத்த விலை அது. 1977க்குப் பிறகு கதவு திறந்ததும் அந்த விலை போய்விட்டது. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அறுவடை நேரம் இந்திய வெங்காயத்தைத் தீர்வையில்லாமல் விடச் சம்மதிப்பாரா என்று.

உங்கள் கடிதத்தில் என் மனதில் தைத்தது வேறு. அரசிடம் எதை விட்டுவைக்கலாம் என்று ஒரு பட்டியல் தந்திருக்கிறீர்கள். 1945-இல் வந்த இலவசக் கல்வி அதில் இல்லை. ஷெல் விழுந்த காலத்திலும் நோயாளரைப் பார்த்த யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை இல்லை. தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்கும் பொலிஸ் இருக்கிறது. படை இருக்கிறது. எந்தப் பக்கத்தால் அரசு நமக்கு ஓரளவாவது உதவியதோ அதை வெட்டிவிட்டு, எந்தப் பக்கத்தால் அடித்ததோ அதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

மக்கள் தாமாகவே ஒழுங்கு செய்துகொள்ள முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் இருக்கும் பழைய காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் அதில் எழுதியிருக்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் முறை வைத்து இறைத்தார்கள், மிசின் வந்த பிறகும் முறைதான். இன்றைக்கு யாருடைய முறை என்று சொல்ல எந்தக் கந்தோரிலிருந்தும் ஆள் வரவில்லை. அமெரிக்க அறிஞர் எலினோர் ஒஸ்ட்ரம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றது இப்படியான பொது ஏற்பாடுகளை ஆராய்ந்ததற்குத்தான். ஆனால் கிணற்றுக்குக் கீழே நிலத்தடி நீரைத் தாங்கிக் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கு வேலி கிடையாது. சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் படர்ந்தபோது பங்குக்காரர் கூடிப் பேசி என்ன செய்ய முடியும்? மாசுபடுத்தியவன் மேல் வழக்குப் போடு என்பார்கள் லிபர்டேரியன்கள். வழக்குப் போட்டார்கள். 2015-ஆம் ஆண்டு மனுவுக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2019-இல் வந்தது, 2 கோடி ரூபாய் இழப்பீடு. அத்தனை வருடமும் அந்தச் சனம் பவுசரில் வந்த தண்ணீருக்குப் பின்னால் வாளியோடு நின்றது.

அடுத்தது தேநீர்க் கடை. இதை மறந்துவிட்டு யாழ்ப்பாணத்தில் சுதந்திரம் பேச முடியாது. ஒடுக்கப்பட்ட சாதியாரைக் கடைக்குள் விடாமல் வெளியே வைத்துத் தனிப் போத்தலில் தேநீர் கொடுத்தவர்கள் அரச ஊழியர் இல்லை. கடை அவர்களுடையது. கடைக்காரனின் சொத்து, அவன் யாருக்கும் விற்கலாம், விற்காமலும் விடலாம் என்பது தூய லிபர்டேரியன் வாதம். 1964-இல் அமெரிக்காவில் செனட்டர் பாரி கோல்ட்வோட்டர் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்ததும் தனியார் கடைக்குக் கட்டளையிட மத்திய அரசுக்கு அரசியலமைப்பில் அதிகாரம் இல்லை என்று சொல்லித்தான். இங்கே சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957-இலேயே வந்துவிட்டது. வந்து தூங்கிக் கிடந்தது. 1966-இல் ஊர்வலம் போய், பிறகு கடைக் கடையாகப் போய், 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அடிபட்டு, சனம்தான் அதை எழுப்பியது. அரசின் தயவால் கதவு திறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கையில் ஒரு சட்டமும் இல்லாமல் அந்த வாசலில் நின்றிருந்தால் அத்துமீறியவர்கள் என்று அவர்களைத்தான் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஊர் என்பதும் ஒரு அதிகாரம் தம்பி. தேர்தல் வைத்து மாற்ற முடியாத அதிகாரம்.

அதனால் நடைமுறைக்கு வருமா என்ற கேள்விக்கு என் பதில்: சின்ன அரசு வேண்டுமென்றால் முதலில் அந்த நீதிமன்றம் எவருக்கும் பயப்படாத நீதிமன்றமாக இருக்க வேண்டும். கடைக்காரனையும் கொம்பனிக்காரனையும் மட்டுமல்ல, படையையும் கட்டுப்படுத்த அதனால் முடிய வேண்டும். அதைக் கட்டி எழுப்பாமல் மற்றதைக் கலைத்தால் வலுத்தவன் கைதான் ஓங்கும்.

உங்கள் கொள்கைக்கு இங்கே உண்மையான வேலை ஒன்று காத்திருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990-இல் சனம் விட்டுவிட்டு ஓடிய காணிகள். 2013-இல் அவற்றில் 6,381 ஏக்கரைப் படைக்காகச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் போட்டது. காணிக்காரர் நீதிமன்றம் போனார்கள். பிறகு படையினர் துண்டு துண்டாக விட்டார்கள், இன்னும் விடாமல் வைத்திருப்பதும் உண்டு. அநியாயமாக எடுத்த சொத்துக்குப் பரிகாரம் செய்வதும் நீதியின் பகுதி என்று லிபர்டேரியன் தத்துவஞானி ரொபர்ட் நோசிக் 1974-இலேயே எழுதிவிட்டார். சொத்துரிமை பேசுகிற நம் இளைஞர்கள் வரியைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்தக் காணிகளைப் பற்றி எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள். உறுதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இன்னும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் சிலரை எனக்குத் தெரியும், பேசி ஒழுங்கு செய்து தருகிறேன். கட்டுரை வந்தால் இங்கேயே போடலாம்.