ஞானஸ்நானத்துக்கு முன் வீட்டில் பேச வேண்டியது

அன்புள்ள அம்மா,

நான் கருமத்தம்பட்டியில், ஜெபமாலை அன்னை ஆலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். என் கணவர் பெருந்துறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த இந்து. மறைமாவட்ட அனுமதி பெற்று ஆலயத்திலேயே மணமுடித்தோம். பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால் இயன்றதையெல்லாம் செய்வேன் என்று அப்போது வாக்குக் கொடுத்தேன். அது அவருக்கும் தெரியும். இப்போது மகனுக்கு எட்டு மாதம்.

"உன் இஷ்டப்படி செய்" என்கிறார். தேதி பற்றிப் பேச்செடுத்தால் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார். தன் அக்காவை ஞானத்தாயாக நிறுத்தலாமா என்று ஒருநாள் அவராகவே கேட்டார். கத்தோலிக்கரல்லாதவர் அந்தப் பொறுப்பை ஏற்க இயலாது என்று பங்குத்தந்தை சொன்ன பிறகு அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நான் ஞானத்தந்தையாக நினைத்திருப்பது என் அண்ணனை. அதே அண்ணன்தான் தாய்மாமனாகக் குலதெய்வக் கோயிலில் குழந்தையை மடியில் வைத்து மொட்டையடிக்க வேண்டும் என்று அத்தை எதிர்பார்க்கிறார்.

போன வாரம், முடி கண்ணில் விழுகிறதே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் குழந்தையை வாங்கி, ஒரு துணித் துண்டால் உச்சியில் குடுமி கட்டிவிட்டார். பிறகு மெதுவாக, "அங்க பேரெழுதிப் போட்டுட்டா, நாளைக்கு நம்ம சாமிக்கு யாரு கண்ணு பொங்க வெப்பாங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

என் அம்மாவோ, அடுத்த முறை பிறந்த வீட்டுக்குப் போகும்போது சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்கிறார். ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அழுகிறார். வெள்ளைச் சட்டையும் வாங்கி வைத்துவிட்டார். நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

சத்தமில்லாமல் முடிக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி பெற்றோரில் ஒருவரின் சம்மதம் இருந்தாலே போதும் என்பது உண்மைதான். ஆனால் ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பெறுவது. பங்கின் பதிவேட்டில் எழுதப்படுவது. பின்னாளில் மகனின் திருமணம் வரை அந்தச் சான்று கேட்கப்படும். தனக்குத் தெரியாமல் தன் மகனுக்கு நடந்ததை உங்கள் கணவர் என்றோ ஒருநாள் அறியும்போது, உங்கள் வார்த்தையின் மீது அவருக்குள்ள நம்பிக்கை உடையும்.

உங்கள் அம்மாவின் பயத்தைச் சிறிதாக நினைக்காதீர்கள். பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதே திருச்சபையின் விருப்பம். ஆனாலும் உயிருக்கு ஆபத்து என்றால், குருவானவர் இல்லாத இடத்தில், அருகில் இருக்கும் எவரும், திருச்சபையின் கருத்துப்படியே கொடுக்கும் எண்ணத்துடன், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் மீட்பையும் நம்பிக்கையோடு எதிர்பார்க்கக் காரணம் உண்டென்று, வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007இல் வெளியிட்ட ஆவணம் விளக்குகிறது. இதை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கணவர். வாக்குக் கொடுத்தது நீங்கள். அவருக்கு அது அறிவிக்கப்பட்டது, அவ்வளவே. "உன் இஷ்டம்" என்று அவர் சொல்வதைச் சம்மதமாக நான் எண்ணவில்லை. அந்தச் சடங்கில் தனக்கு இடமில்லை என்று அவர் ஒதுங்குவதாகவே தோன்றுகிறது. அக்காவைப் பற்றிக் கேட்டபோது அவர் தன் வீட்டாருக்கு ஓர் இடம் தேடினார். கிடைத்த பதில், "உங்கள் மனிதர்கள் வேண்டாம்" என்பதாக அவர் காதில் விழுந்திருக்கும். ஞானப்பெற்றோர் குழந்தையின் விசுவாச வாழ்வுக்குத் துணைநிற்பவர்கள். அதனால்தான், ஞானஸ்நானத்துக்குப் பின் விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்தைப் பெற்ற, பொதுவாகப் பதினாறு வயது நிறைந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. அக்காவின் தகுதியை யாரும் குறைத்துப் பேசவில்லை என்று அவரிடம் விளக்குங்கள்.

பிறகு அவருடைய இடத்தைக் காட்டுங்கள். சடங்கின் தொடக்கத்தில் குருவானவர் பெற்றோரிடம்தான் குழந்தையின் பெயரைக் கேட்பார். அந்தப் பெயரை அவரே சொல்லலாம். புனிதரின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பாக இல்லாவிட்டால் போதும். தண்ணீர் ஊற்றும்போது குழந்தை அவர் கையில் இருக்கலாம். விசுவாச அறிக்கைக்கான கேள்விகளுக்கு அவர் மனமில்லாமல் பதில் சொல்லி நிற்காதபடி, முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் இருவருமாகப் போய்ப் பேசுங்கள்.

அத்தையின் கேள்விதான் மிகக் கடினமானது, உண்மையான பதிலுக்கு உரியதும் அதுவே. "இங்கே ஞானஸ்நானம், அங்கே மொட்டை" என்று பேரம் பேசி அவர் வாயை அடைக்காதீர்கள். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டையடித்துக்கொள்ளும் கத்தோலிக்கரும் உண்டு; ஆகவே முடியெடுப்பதில் சிக்கல் இல்லை, யாருக்கு நேர்ந்து எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. கோயிலில் மடியில் வைக்கத் தன் மனசாட்சி இடம் தருமா என்று அண்ணனிடம் இப்போதே கேளுங்கள். இயலாது என்றால், அதை அத்தையிடம் நீங்களும் கணவரும் சேர்ந்து சொல்லுங்கள். அவர் அழட்டும், கூடவே இருங்கள். பேரன் பொங்கல் வைப்பான் என்று நீங்கள் வாக்குத் தர முடியாது. ஊர் நோம்பிக்கு வருவான், அந்தத் தோட்டத்திலேயே உங்கள் கையைப் பிடித்து வளருவான் என்று சொல்ல முடியும். இதெல்லாம் பேசி முடியும்வரை முடியில் கத்தரிக்கோல் வைக்க வேண்டாம்.

இன்று மாலை உங்கள் கணவர் தோட்டத்துக்குக் கிளம்பும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்களும் கூடவே போங்கள். தேதி இரண்டு மாதம் தள்ளினால் தள்ளட்டும். அம்மா வாங்கிய வெள்ளைச் சட்டை அதற்குள் சிறிதாகிப்போனால், நீங்கள் இருவருமாகக் கடைக்குப் போய் வேறொன்று எடுத்துக்கொள்ளலாம்.