தமிழ் பைபிளில் இயேசு ‘வந்தார்’, குஷ்டரோகி ‘வந்தான்’: மூலத்திலேயே அப்படியா?

கேள்வி: சபையில் வேதபாடம் வாசிக்கும்போது இயேசுவுக்கு மட்டும் ‘அவர்’, மற்ற எல்லாருக்கும் ‘அவன்’, ‘அவள்’ என்று வருவது உறுத்துகிறது. இது மூலத்தில் உள்ளதா? வாசிக்கிறவர் மாற்றிக்கொள்ளலாமா?

மூலத்தில் இல்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் படர்க்கை ஒருமைக்கு மரியாதை விகுதி என்று தனியாக ஒன்று கிடையாது. தேசாதிபதி பிலாத்து பேசினாலும் பிச்சைக்காரன் பேசினாலும் இயேசு பேசினாலும் வினைமுற்று ஒன்றுதான். தமிழில் எழுத உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. ‘என்றான்’, ‘என்றார்’ இரண்டில் ஒன்றைப் போட்டே ஆகவேண்டும். ஆக, நீங்கள் வாசிப்பது மொழிபெயர்ப்பாளர்களின் முடிவு.

புரொட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் புழங்குவது ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871-ல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. அதில் ‘அவர்’ பெறுகிறவர்கள் யார் என்று பாருங்கள்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவர். அவ்வளவுதான். ஆபிரகாம் ‘போனான்’, தாவீது ராஜா ‘அழுதான்’, தேசாதிபதி பிலாத்து ‘என்றான்’. மரியாளுக்கு நற்செய்தி சொல்ல வந்த தேவதூதனுக்கே ‘என்றான்’தான். அந்தக் குழு போட்ட கோடு ஏழை பணக்காரன் நடுவே போட்டதில்லை. கடவுளுக்கும் படைக்கப்பட்டவற்றுக்கும் நடுவே போட்டது. ராஜாவையும் குஷ்டரோகியையும் ஒரே விகுதியில் நிறுத்தியது, அந்தக் காலத்துத் தமிழுக்குச் சின்ன விஷயமல்ல.

ஆனால் காது அந்தக் கோட்டைக் கேட்பதில்லை. ஊர்த்தெருவுச் சிறுவன் சேரியிலிருந்து வரும் அறுபது வயதுக்காரரை ‘வாடா போடா’ என்று கூப்பிட்ட நாட்டில், ‘அவன்’ என்பது வெறும் இலக்கணமாக விழாது. அதுவும் யோவான் நற்செய்தி 4-ம் அதிகாரத்தில், சாதி விலக்கு போலவே இருக்கும் ஒரு காட்சியில். ‘சமாரியா நாட்டாளாகிய ஒரு ஸ்திரீ தண்ணீர் மொள்ள வந்தாள். இயேசு அவளை நோக்கி: தாகத்துக்குத்தா என்றார்.’ யூதர் சமாரியரோடு புழங்காதவர்கள். அவள் பாத்திரத்தில் தண்ணீர் கேட்டதே மீறல். அந்த மீறலைச் சொல்லும் வரியிலேயே அவருக்கு ‘ஆர்’, அவளுக்கு ‘ஆள்’. மூலத்தில் தகர்கிற படிக்கட்டைத் தமிழ் விகுதி மறுபடி கட்டிவிடுகிறது.

கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உழைத்து 1995-ல் கொண்டுவந்த திருவிவிலியம் இதைத் திருத்தப் பார்த்தது. அங்கே சமாரியப் பெண் ‘வந்தார்’. இயேசு ‘தண்ணீர் கொடும்’ என்கிறார். குஷ்டரோகி ‘தொழுநோயாளர்’ ஆகிறார். கானா கல்யாண வீட்டில் தாயைப் பார்த்துச் சொன்ன ‘ஸ்திரீயே’ இங்கே ‘அம்மா’. கிரேக்கத்தில் அது மரியாதைக் குறைவான விளி அல்ல என்பதால் இது நியாயமான மாற்றம்.

இதிலும் சிக்கல் உண்டு. எல்லாருக்கும் ‘ஆர்’ கொடுக்க ஆரம்பித்தால் யாருக்கு மறுப்பது? திருவிவிலியத்தில் ஏரோது அரசன் ‘கலங்கினான்’. பழையதில் எல்லாரோடும் சேர்ந்து ‘ஆன்’ வாங்கியவன், இங்கே கெட்டவன் என்பதற்காக வாங்குகிறான். விகுதி இப்போது நடத்தைச் சான்றிதழ். இன்னொரு இழப்பு மாற்கு 6:3-ல். நாசரேத்து ஊரார் இளப்பமாகக் கேட்கிறார்கள். பழையதில் ‘இவன் தச்சன் அல்லவா?’ அந்த ‘இவன்’ குத்துகிறது. ‘இவர் தச்சர் அல்லவா!’ என்று மாற்றியதும் ஊரார் விசாரிப்பதுபோல் ஆகிவிட்டது. இந்த இடத்தில் என் ஓட்டு பழையதற்கே. யோவான் 9-ல் பரிசேயர் என்ற யூத மதக் குழுவினர் இயேசுவை ‘அவன்’ என்பதும், அவரால் பார்வை பெற்ற குருடன் ‘அவர்’ என்பதும் சும்மா வந்ததல்ல. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பழையது அந்த ஒற்றை எழுத்தில் சொல்லிவிடுகிறது.

இனி, வாசிக்கும்போது மாற்றலாமா என்ற கேள்வி. பழையதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்போக்கில் மாற்றாதீர்கள். ‘அவன்’ என்பதை ‘அவர்’ ஆக்குவது சுலபம். வாக்கியத்தின் கடைசியில் இருக்கிற ‘வந்தான்’ மறந்துபோகும். நடுவில் ‘குருடனாயிருந்தவன்’ போன்ற வினையாலணையும் பெயரும், ‘தன்’, ‘தமது’ வித்தியாசமும் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றினாலும் வேறு குழப்பம் வரும். ‘அவர் அவனை நோக்கி’ என்றால் யார் யாரிடம் பேசினார் என்று உடனே புரியும். ‘அவர் அவரை நோக்கி’ என்றால் சபை விழிக்கும். ஒவ்வொரு இடத்திலும் பெயரைப் போட வேண்டிவரும். அதனால் பகுதி முழுவதையும் திருவிவிலியத்திலிருந்து வாசியுங்கள். அல்லது முந்தைய இரவே திருத்தி, எழுதி, ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துக் கொண்டுபோங்கள். ஆயரிடம் முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது. மனப்பாட வசனத்தில் கைவைத்தால் முன்வரிசைப் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

முன்னிலையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பழையதில் ‘நீங்கள்’ என்றால் பலர். மரியாதைக்காக ஒருவரைச் சொல்வதல்ல. மரியாதை ஒருமைக்கு ‘நீர்’ இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘நீர்’ இன்னும் உயிரோடு இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தமிழ்நாட்டில் பல மாவட்டக்காரர்களுக்கு அது ஜெபத்தில் மட்டும் வரும் சொல். யோவான் 3:7-ஐப் பாருங்கள்: ‘நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும் என்று நான் உனக்குச் சொன்னதைக்குறித்து…’ தன்னைத் தேடி வந்த யூதத் தலைவர் நிக்கொதேமுவிடம் இயேசு ‘உனக்கு’ என்று பேசிக்கொண்டே, பிறக்கவேண்டியது ‘நீங்கள்’ என்கிறார். கிரேக்கத்திலும் அங்கே பன்மைதான். மரியாதையாக இருக்கட்டும் என்று ‘உனக்கு’ என்பதை ‘உங்களுக்கு’ ஆக்கினால், அவரை மட்டுமல்ல, அவர் கூட்டத்தார் எல்லாரையும் சேர்த்துச் சொன்ன வசனம் அவர் ஒருவருக்கான அறிவுரையாகச் சுருங்கிப்போகும்.